நிறமற்ற திரவமும் நிறம் மாறிய ஒளியும்
(சர் சி. வி. இராமன் வாழ்க்கை வரலாறு)

நமது இரசாயன ஆய்வுக்கூடத்தின் அலமாரியிலிருந்து மூன்று கண்ணாடிப் புட்டிகளை எடுத்து, அவற்றில் ஒட்டியுள்ள சீட்டுகளைக் கிழித்துவிட்டு மேசைமேல் வைத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்றில் இருப்பது காய்ச்சி வடித்த நீர். இரண்டாவதில் எதில் ஆல்கஹால், அதாவது எத்தனால். மூன்றாவதில் மெதில் ஆல்கஹால், அதாவது மெத்தனால். மூன்றும் பளிங்கு போல் தெளிந்தவை. நீரை வாசனையால் விலக்கிவிடலாம். மற்ற இரண்டும் இரட்டைப் பிள்ளைகளைப் போல நம்மை ஏமாற்றும். திரவமானியை மிதக்கவிட்டாலும் பயனில்லை. இருபது டிகிரி வெப்பத்தில் எத்தனாலின் அடர்த்தி 0.789, மெத்தனாலின் அடர்த்தி 0.792. மூன்றாம் தசமத்தில் ஒளிந்திருக்கும் வேற்றுமையை மிதக்கும் கருவி எப்படிக் காட்டும்?

ஆனால் மனித உடலுக்கு அந்த வேற்றுமை நன்றாகத் தெரியும். மெத்தனால் உள்ளே சென்றதும் கல்லீரல் அதனை ஃபார்மால்டிஹைடாகவும், பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. எறும்பு கடித்தால் எரிகிறதே, அதே அமிலந்தான். அது கண் நரம்பைக் கெடுக்கிறது, பார்வை போகிறது, பலருக்கு உயிரும் போகிறது. 2023-ஆம் ஆண்டு மே மாதம் மரக்காணம், மதுராந்தகம் பகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்டோரும், 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரும் மெத்தனால் கலந்த சாராயத்தால் மாண்டனர். மெத்தனால் தன்னளவில் குற்றவாளி அன்று. வண்ணப்பூச்சு, பசை, மருந்து முதலியவை செய்யும் ஆலைகளுக்கு அது அன்றாடம் வேண்டிய பொருள். நமது கும்மிடிப்பூண்டியைப் போன்ற தொழிற்பேட்டைகளில் பீப்பாய் பீப்பாயாக இறங்குகின்ற கரைப்பான்களுள் அதுவும் ஒன்று. அது இருக்கவேண்டிய இடம் பீப்பாய். அங்கிருந்து திருட்டுத்தனமாக மனிதனின் குவளைக்கு வரும்போதுதான் குடும்பங்கள் அழிகின்றன.

ஆகவே, ஒரு தெளிந்த திரவத்தைப் பார்த்து, நீ யார், உன்னிடத்தில் ஆல்கஹால் எவ்வளவு என்று கேட்பது வெறும் பாடப்புத்தகக் கேள்வி அன்று. புட்டியைத் திறக்காமல், ஒரு துளியும் எடுக்காமல், ஒளியைக் கொண்டு அக்கேள்விக்கு விடை காணும் வழியைத் திறந்து வைத்தவர் நம் காவிரிக்கரையில் பிறந்த ஒருவர். அவரே சர் சந்திரசேகர வேங்கட இராமன்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888-ஆம் ஆண்டு நவம்பர் திங்கள் 7-ஆம் நாள், சந்திரசேகர ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் இரண்டாவது குழந்தையாக இராமன் பிறந்தார். தந்தையார் ஆசிரியர். 1892-இல் அவருக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் வேலை கிடைக்கவே குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது. இராமன் படித்தது அவ்வூரில் கத்தோலிக்க மிஷனரிமார் நடத்திய புனித அலோசியஸ் பள்ளியில் என்பதை நம் மாணவிகள் அறிந்தால் மகிழ்வார்கள். பதினொன்றாம் வயதில் மெட்ரிக்குலேஷன் தேறினார்! பின்னர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்து 1904-இல் பி.ஏ. பட்டத்தை முதல் மாணவராகவும், பௌதிகத்தில் தங்கப் பதக்கத்துடனும் பெற்றார். 1906-ஆம் ஆண்டில், பதினெட்டு வயது நிறைவதற்குள்ளாகவே, அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை இலண்டனில் வெளியாகும் ஒரு புகழ்பெற்ற விஞ்ஞான இதழில் அச்சாயிற்று. 1907-இல் எம்.ஏ. பட்டம்.

இத்தகைய மாணவர்கள் அக்காலத்தில் கப்பலேறி இங்கிலாந்து செல்வது வழக்கம். இராமனைச் சோதித்த சென்னை மருத்துவ அதிகாரியோ அந்நாட்டுக் குளிரை இவர் உடல் தாங்காது என்று தடுத்துவிட்டார். எனவே இந்திய நிதித் துறைத் தேர்வு எழுதி அதிலும் முதல்வராக வந்தார். அதே 1907-இல் லோகசுந்தரி அம்மையாரை மணந்து, கல்கத்தாவில் உதவிக் கணக்காய்வுத் தலைவராக வேலை ஏற்றார். கை நிறையச் சம்பளம். பத்தொன்பது வயதுகூட நிரம்பாத இளைஞருக்கு வேறென்ன வேண்டும் என்று உறவினர்கள் நினைத்திருப்பார்கள்.

ஒருநாள் அலுவலகத்துக்குப் போய்வரும் வழியில், டிராம் வண்டியிலிருந்து ஒரு பெயர்ப்பலகை இராமன் கண்ணில் பட்டது. பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடத்தில் இருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் பலகை அது. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி 1876-இல் நிறுவிய கழகம் அது. அவருக்கு வலக்கை போல் துணை நின்றவர் பெல்ஜியம் நாட்டினரும், கல்கத்தா புனித சவேரியார் கல்லூரிப் பேராசிரியருமான இயேசு சபைக் குரு லாஃபோன் அடிகளார். அறிவியலை மேடையில் செய்துகாட்டிப் புரியவைப்பதில் அவருக்கு இணை அக்காலத்தில் இல்லை என்பர். ஜகதீச சந்திர போஸ் அவருடைய மாணவர். இவ்விருவரும் வளர்த்த கழகத்தில், இராமன் நுழைந்த சமயத்தில், கருவிகள் தூசி படிந்து கிடந்தன; ஆராய்ச்சி செய்ய ஆளில்லை. ஓர் இந்திய இளைஞன் வந்து கதவைத் தட்டுவான் என்று காத்திருந்த இடம் போலும்!

அன்று தொடங்கி இராமனுடைய நாள் இரண்டாகப் பிரிந்தது. விடியற்காலையில் கழகத்துக்குப் போய் ஒன்பதே முக்கால் மணி வரை ஆராய்ச்சி. பின்பு வீட்டில் நாலு கவளம் உண்டுவிட்டு அலுவலகத்தில் அரசாங்கக் கணக்கு. மாலை ஐந்து மணிக்கு மீண்டும் கழகம். இரவு வீடு திரும்ப ஒன்பதரை, பத்து ஆகும். இடையில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல் வந்தபோதுங்கூட ஆராய்ச்சியை விடவில்லை. வீணை, வயலின், மிருதங்கம் ஆகியவற்றின் நாதத்தைப்பற்றி அக்காலத்தில் அவர் எழுதியவை தனியாகப் பேசத்தக்கவை. இங்கே அதற்கு இடமில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். ஒரு பொருள் அதிர்கிறது என்றால் எப்படி அதிர்கிறது, அதன் சொந்தச் சுருதி என்ன என்ற கேள்வி அவரை அப்போதே பிடித்துக்கொண்டது. தந்தியில் கேட்ட அதே கேள்வியைத்தான் பின்னாளில் கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறிடமும் கேட்டார்.

1917-இல் ஆசுதோஷ் முகர்ஜி, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பௌதிகப் பேராசிரியர் பதவிக்கு அழைத்தார். சம்பளம் அரசாங்கத்தில் வாங்கியதில் ஏறக்குறைய பாதிதான். அப்பதவிக்கு வருபவர் வெளிநாட்டுப் பயிற்சி பெற்றிருக்கவேண்டும் என்ற விதியும் இருந்தது. பயிற்சிக்கென்று எங்கும் போகமாட்டேன் என்று இராமன் மறுக்கவே, விதியைத் தளர்த்திக்கொண்டார்கள். நிதித் துறையின் உயர்ந்த உத்தியோகத்தை உதறிவிட்டு அவர் ஆசிரியரானார்.

1921-இல் ஆக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குச் சென்றுவிட்டு, நர்குண்டா என்னும் கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரை வியக்கச் செய்தது. வானத்தின் நீலம் கடலில் பிரதிபலிப்பதே காரணம் என்பது அதுவரை பெரியோர் சொல்லிவந்த விளக்கம். இராமன் சட்டைப்பையில் இருந்த நிக்கல் முப்பட்டகத்தை எடுத்து, மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் வான ஒளியை வடிகட்டிவிட்டுப் பார்த்தார். நீலம் மறையவில்லை, முன்னிலும் அழகாகத் தெரிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று தெளிந்து, கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தவுடனே இங்கிலாந்து இதழுக்குக் கடிதம் எழுதினார்.

அதன்பிறகு ஏழாண்டுகள் திரவங்களோடுதான் வாழ்க்கை. கல்கத்தாக் கழகத்தில் அவரைச் சுற்றி இருந்த இளைஞர்களில் தமிழர் பலர். 1923-இல் கே. ஆர். இராமநாதன் நீரில் சிதறிய ஒளியில் இருக்கக்கூடாத மங்கலான ஒரு நிறத்தைக் கண்டார். நீரில் அழுக்கு இருக்கிறதோ என்று ஐயம். நீரை மீண்டும் மீண்டும் வடித்துத் தூய்மை செய்தும் அந்த நிறம் போகவில்லை. பின்னர் வேங்கடேசுவரன் என்பவர் கிளிசரினில் அதையே இன்னும் தெளிவாகக் கண்டார். இராமனின் வலக்கரமாக விளங்கிய கே. எஸ். கிருஷ்ணன் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து வத்திராயிருப்பில் பிறந்து, மதுரையிலும் சென்னையிலும் படித்தவர். இந்த வேலைக்கு வேண்டிய பொறுமையில் பெரும்பங்கு அவருடையது. வெற்றிடத்தில் வடித்துத் தூய்மையாக்கிய சுமார் அறுபது திரவங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். முதலில் சூரிய ஒளியையே பெரிய வில்லையால் குவித்து, ஊதா வடிகட்டி வழியே திரவத்தில் செலுத்தினார்கள். பக்கவாட்டில் வெளிவரும் ஒளியைப் பச்சை வடிகட்டி வழியே பார்த்தார்கள். ஊதாவை மட்டும் உள்ளே அனுப்பினால் பச்சை வடிகட்டிக்குப் பின்னால் இருளே இருக்கவேண்டும். ஆனால் இருள் இல்லை. ஒளி தெரிந்தது! உள்ளே போன ஒளி நிறம் மாறி வெளிவந்திருந்தது.

1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், பாதரச ஆவி விளக்கின் ஒளியைத் திரவத்தில் பாய்ச்சி, கையடக்கமான நிறமாலைக்காட்டியில் இராமன் பார்த்தார். விளக்கின் கோடுகளுக்கு அருகே விளக்கில் இல்லாத புதிய கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தன. அந்நாளைத்தான் 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். இத்தனைக்கும் கருவிகளின் விலை சில நூறு ரூபாய்தான். மார்ச் 16-ஆம் நாள் பெங்களூரில் ஒரு சொற்பொழிவில் கண்டுபிடிப்பை விரிவாக விளக்கினார். அதே காலத்தில் மாஸ்கோவில் இரு ரஷ்ய விஞ்ஞானிகள் படிகங்களில் இதையே கண்டனர். ஆனால் இராமனின் அறிவிப்பு முந்திக்கொண்டது. கிருஷ்ணனின் பெயர் விளைவின் பெயரில் இடம்பெறாமற்போனது குறித்து இன்றும் பேசுபவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருத்தி.

இனி, இது என்ன விந்தை என்று பார்ப்போம். மூலக்கூறு என்பது அசையாத உருண்டை அன்று. அணுக்களைப் பிணைக்கும் பிணைப்புகள் வீணைத் தந்திகளைப்போல எப்போதும் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. ஒளி அதில் மோதும்போது பெரும்பகுதி வந்த நிறத்திலேயே சிதறிப் போய்விடும். கோடியில் ஒரு பங்கு போன்ற மிகச் சிறு பகுதி மட்டும், மூலக்கூறின் அதிர்வுக்குத் தன் ஆற்றலில் சிறிது கொடுத்துவிட்டு, அந்த அளவு இழப்போடு நிறம் மாறி வெளிவருகிறது. எவ்வளவு கொடுத்தது என்பது அந்த மூலக்கூறின் சொந்தச் சுருதியைப் பொறுத்தது. ஆகவே புதிய கோடு எங்கே விழுகிறது என்று பார்த்தால் திரவம் யாரென்று தெரிந்துவிடும். எத்தனாலில் இரண்டு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்து அதிரும் கோடு, ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலைகள் என்று எண்ணும் கணக்கில், சுமார் 880-இல் விழும். மெத்தனாலில் ஒரே ஒரு கார்பன்தான். அதற்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள பிணைப்பின் கோடு சுமார் 1030-இல் விழும். திரவமானிக்குத் தெரியாத வேற்றுமை ஒளிக்குப் பட்டப்பகல்போலத் தெரிகிறது பாருங்கள்.

யாரென்று மட்டுமன்று, எவ்வளவு என்றும் தெரியும். எத்தனால் மூலக்கூறுகள் இரு மடங்கானால் கோட்டின் பிரகாசமும் இரு மடங்காகும். ஐந்து சதவீதம், பத்து, இருபது, நாற்பது என்று நாமே கலந்துவைத்த கரைசல்களின் கோட்டு உயரங்களை வரைபடத்தில் குறித்து ஒரு கோடு இழுத்துக்கொண்டால் போதும். பிறகு எந்தப் புட்டி வந்தாலும் அதன் கோட்டு உயரத்தை அந்த வரைபடத்தில் வைத்துச் செறிவைப் படித்துவிடலாம்.

இந்தக் கண்டுபிடிப்புக்காக 1930-ஆம் ஆண்டு நோபல் பரிசு. விஞ்ஞானத்துக்கு நோபல் பரிசு பெற்ற முதல் ஆசியர் இராமனே. அறிவிப்பு வந்தது நவம்பரில். அவரோ ஜூலையிலேயே தமக்கும் மனைவிக்கும் கப்பல் சீட்டுப் பதிவு செய்துவிட்டார்! தன்னம்பிக்கை என்பதா, கர்வம் என்பதா? இரண்டும் அவரிடம் நிறைய இருந்தன. ஸ்டாக்ஹோம் மண்டபத்தில் பிரிட்டிஷ் கொடியின் கீழே தாம் அமர்ந்திருப்பதைக் கண்டதும், தம் நாட்டுக்கென்று ஒரு கொடி இல்லையே என்று கண்ணீர் விட்டார். அந்தக் கண்ணீரை நினைக்கையில் கர்வத்தை மன்னித்துவிடத் தோன்றுகிறது.

அந்தப் பயணத்தைப்பற்றி ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. இராமன் தமது விளைவைச் செய்துகாட்ட எடுத்துக்கொண்ட திரவம் ஆல்கஹால். அன்று மாலை விருந்தில் எல்லோருக்கும் மது வழங்கினார்கள். இராமன் மதுவைத் தீண்டாதவர்; கோப்பையை வேண்டாமென்று விலக்கினார். அப்போது விருந்தினர் ஒருவர், ஆல்கஹாலின்மீது இராமனின் விளைவைப் பகலில் கண்டோம், இராமனின்மீது ஆல்கஹாலின் விளைவைக் காணும் பாக்கியத்தை எங்களுக்கு மறுக்கலாமா என்று வேடிக்கையாகக் கேட்டாராம். சபை சிரித்தது. இராமன் குடிக்கவில்லை. உலகின் பெரிய மனிதர்கள் கூடிய சபையிலும் தம் பழக்கத்தைச் சங்கடமின்றிக் காத்துக்கொண்டார். கல்யாண வீட்டில் நண்பர்கள் வற்புறுத்தினார்கள், மறுக்க முடியவில்லை என்று சொல்லும் நம் ஊர் ஆண்கள் இக்கதையை அறிவது நல்லது.

1933-இல் இராமன் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநரானார். அக்கழகத்தின் முதல் இந்திய இயக்குநர் அவரே. அந்த ஆண்டு நடந்த ஒன்றைப் பெண்கள் பள்ளியின் மலரில் மறைத்து எழுதுவது நேர்மையாகாது. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்ற கமலா பாகவத் என்ற பெண், ஆராய்ச்சி செய்ய இடம் கேட்டு விண்ணப்பித்தார். பெண் என்பதாலேயே இராமன் மறுத்துவிட்டார். கமலா வீட்டில் அமர்ந்து அழவில்லை. பெங்களூருக்கே வந்து, காரணம் சொல்லும்வரை போவதில்லை என்று நின்றார். கடைசியில் ஓராண்டுக்குச் சோதனையாகச் சேர்த்துக்கொண்டார்கள். முறையான மாணவியாகக் கணக்கில்லை. ஆண் மாணவர்களின் கவனம் சிதறக் காரணமாகக்கூடாது. சொன்னபோது இரவிலும் வேலை செய்யவேண்டும். இத்தனை நிபந்தனைகள்! கமலா அனைத்தையும் ஏற்றார். ஆனால் அந்த அவமானத்தைக் கடைசிவரை மறக்கவில்லை. ஓராண்டு முடிவில் அவருடைய வேலையைக் கண்டு இராமன் மனம் மாறினார். அதன்பின் பெண்களுக்கும் கதவு திறந்தது. கேம்பிரிட்ஜ் சென்ற கமலா 1939-இல் டாக்டர் பட்டம் பெற்றார். கமலா சொஹானி என்று உலகம் அறிவது இவரையே.

அவர் பின்னாளில் ஆராய்ந்த பொருள் எது தெரியுமா? நீரா. நாம் பதநீர் என்று பருகுகிறோமே, அதைப்போல மரத்திலிருந்து வடியும் இனிய சாறு. ஏழைக் குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் அது நல்ல உணவு என்று காட்டிக் குடியரசுத் தலைவரின் விருது பெற்றார். பொன்னேரி, பழவேற்காட்டுப் பக்கம் பனை ஏறுபவர்களுக்கு இந்த விஞ்ஞானம் கைவந்த கலை. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அது பதநீர். தடவாவிட்டால் காற்றிலுள்ள ஈஸ்ட் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று எத்தனாலாக்கிவிடும், அது கள். ஒரே மரம், ஒரே பாளை. ஒரு விரற்கடைச் சுண்ணாம்பில் இருக்கிறது வேற்றுமை.

மற்றொரு பெண்மணி அன்னா மாணி. கேரளத்துப் பீர்மேட்டில் 1918-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1940-இல் இராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வைரங்களின் ஒளியை நிழற்படத்தட்டில் பதிக்கப் பதினைந்து, இருபது மணி நேரம் காத்திருக்கவேண்டும். ஆய்வுக்கூடத்திலேயே படுத்துறங்கியும் வேலை செய்தார். ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945-இல் ஆராய்ச்சி நூலைச் சமர்ப்பித்தபோது, எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று டாக்டர் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். அவர் கலங்காமல் இலண்டன் சென்று அளவீட்டுக் கருவிகளைப்பற்றிப் பயின்றார். 1948-இல் வானிலைத் துறையில் சேர்ந்து, மழைமானி, காற்றுமானி, சூரியக் கதிர்மானி என்று நூற்றுக்கும் குறையாத கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வரைபடம் வகுத்தார். தவறாக அளப்பதைவிட அளக்காமலிருப்பது மேல் என்பது அவருடைய கொள்கை.

இந்தக் கொள்கையை நம் ஆய்வுக்கூடத்துக்கும் கொண்டுவரலாம். இப்போதெல்லாம் பள்ளி விஞ்ஞானக் கண்காட்சிகளில் ஆல்கஹால் சென்சார் என்ற சிறு கருவியை மாணவிகள் பயன்படுத்துவதைக் காண்கிறோம். விலை ஒரு நோட்டுப் புத்தகக் கட்டின் விலைதான். உள்ளே வெள்ளீய ஆக்சைடு பூசிய ஒரு துண்டும், அதைச் சூடாக்கும் கம்பியும் உண்டு. சூடான ஆக்சைடின் மேல் ஒட்டும் ஆக்சிஜன் அதன் மின்னணுக்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மின்தடை உயரும். ஆல்கஹால் ஆவி வந்து அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்தால் மின்னணுக்கள் விடுபடும், மின்தடை குறையும். சர்க்கரைக் கரைசலில் ஈஸ்ட் போட்டு மூடிய புட்டியில் இதை வைத்தால், நாளுக்கு நாள் எத்தனால் பெருகுவதைக் கண்ணால் காணலாம். அழகான சோதனைதான். ஆனால் சென்சாரை முதன்முறை பயன்படுத்துமுன் ஒரு நாள் சூடேற்றி வைக்கவேண்டும். ஈரப்பதம் மாறினால் அளவு மாறும். அறையின் வெப்பம் மாறினாலும் மாறும். கும்மிடிப்பூண்டிக் கடற்காற்றில் காலை அளவும் மதிய அளவும் ஒன்றாக இரா. ஆகவே ஒவ்வொரு முறையும், செறிவு தெரிந்த கரைசல்களை அதே புட்டியில், அதே வெப்பத்தில் வைத்து வரைபடம் போட்ட பின்னரே தெரியாததை அளக்கவேண்டும். சென்சார் காட்டும் எண்ணை அப்படியே சதவீதம் என்று நோட்டில் எழுதும் மாணவி அன்னா மாணியிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டிருப்பாள்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்தச் சென்சாருக்கு மெத்தனாலும் தெரியும், எத்தனாலும் தெரியும், அசிட்டோன் ஆவியும் தெரியும். ஆனால் எது எதுவென்று தெரியாது. எதைக் கொடுத்தாலும் எண் ஏறும். எவ்வளவு என்று சொல்லும். யார் என்று சொல்லாது. சாராயப் புட்டியில் விஷம் கலந்திருக்கிறதா என்பதற்கு அது சாட்சியாகாது.

இராமன் கண்ட ஒளி சாட்சியாகும். 1928-இல் அந்தக் கோடுகளைத் தட்டில் பதிக்க நெடுநேரம் ஒளிபடச் செய்யவேண்டியிருந்தது. 1960-இல் லேசர் வந்தபின் நிலைமை மாறியது. இன்று கையில் ஏந்தும் இராமன் கருவிகள் வந்துவிட்டன. மூடிய கண்ணாடிப் புட்டியின்மேல் வைத்து விசையை அழுத்தினால் சில நொடிகளில் 880-இல் ஒரு கோடும், மெத்தனால் இருந்தால் 1030-இல் இன்னொரு கோடும் திரையில் எழும். மருந்துத் தொழிற்சாலைகளில் வந்திறங்கும் மூலப்பொருள், சீட்டில் எழுதியுள்ள பொருள்தானா என்று பையைப் பிரிக்காமலே இவ்வாறு சோதிக்கிறார்கள். குறை இல்லாமலில்லை. அடர்ந்த நிறமுள்ள திரவங்களில் வேறோர் ஒளி எழுந்து கோடுகளை மூடிவிடும். ஒரு சதவீதத்துக்கும் மிகக் குறைந்த அளவைப் பிடிப்பது கடினம். விலையும் நம் பள்ளிகளுக்கு எட்டாதது. ஆயினும் அந்த மூன்று புட்டிகளுக்கும் சீட்டை மீண்டும் சரியாக ஒட்டித் தரும் கருவி அதுவே.

மெத்தனால் குடித்தவரை மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோனால் காப்பாற்ற வழியுண்டு என்பதையும் பெற்றோர் அறியவேண்டும். வாந்தி, வயிற்றுவலி, கண் முன்னே மூடுபனி போன்ற மங்கல் ஆகியவை அறிகுறிகள். முதல் பல மணி நேரம் எதுவும் தெரியாமலிருக்கும். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று படுக்கவைத்துவிடுவார்கள். அந்த உறக்கத்தில்தான் விஷம் வேலை செய்கிறது. ஃபோமெபிசோல் என்ற மருந்தும், அது இல்லாத இடத்தில் மருத்துவர் அளந்து கொடுக்கும் தூய எத்தனாலும் கல்லீரல் மெத்தனாலை மாற்றாதபடி தடுக்கின்றன. இதை வீட்டில் யாரும் செய்துபார்க்கக் கூடாது. எவ்வளவு என்பதை அங்கேயும் அளந்துதான் கொடுக்கவேண்டும்.

இராமனின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகச் சொல்லலாம். நிர்வாகத்தில் மற்றவரோடு ஒத்துப்போகாமல் 1937-இல் இயக்குநர் பதவியை விட்டு, பேராசிரியராக மட்டும் தொடர்ந்தார். 1948-இல் ஓய்வுபெற்றதும் பெங்களூரிலேயே தம் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். 1954-இல் பாரத ரத்னா விருது வந்தது. வைரங்கள், ஓப்பல் கற்கள், பட்டாம்பூச்சிகள், ரோஜாக்களின் நிறம் என்று முதுமையிலும் ஒளியையும் வண்ணத்தையுமே துரத்தினார். ஆண்டுதோறும் அக்டோபர் 2-ஆம் நாள் காந்தியடிகளின் நினைவாகச் சொற்பொழிவு ஆற்றுவார். பள்ளிக் குழந்தைகள் நிலையத்தைப் பார்க்க வந்தால் தாமே அழைத்துச் சென்று கற்களை ஒளியூட்டிக் காட்டுவார். பெரிய மனிதர்களைக் காக்கவைத்தவர் குழந்தைகளிடம் பொறுமையாகப் பேசுவாராம்.

1970-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் அதிகாலையில் இராமன் காலமானார். அவருடைய விருப்பப்படியே நிலையத்தின் தோட்டத்தில் உடலைத் தகனம் செய்தார்கள். அவ்விடத்தில் சமாதியோ சிலையோ எழுப்பவில்லை. ஒரு மரம் நட்டிருக்கிறார்கள்.